ஈரம் குடித்த லந்தனம்

எங்கள் பழைய ஆய்வுகூடத்துக்குப் போன மாதம் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்திருக்கிறதாம். உள்ளே இருக்கும் காற்றில் ஈரமே கிடையாது. பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் இறப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, உள்ளேயே தராசில் நிறுத்து, உள்ளேயே அரைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவர் கைபேசியில் படம் அனுப்பி, "அண்ணே, இது இல்லாம நீங்க எப்படித்தான் இத்தனை வருசம் லந்தனத் தூள நிறுத்தீங்க?" என்று கேட்டிருந்தார்.

"ஒழுங்காத்தான் நிறுத்தோம்" என்று பதில் தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். ஒரு தடவை ஒழுங்காக நிறுக்கவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது பாதி உண்மை. கைபேசியில் தட்டினால் கட்டைவிரல் வலிக்கும் என்பதால் தாள் எடுத்து உட்கார்ந்தேன்.

நான் கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பெயர் தியாகு. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்பக்கம் நின்று பார்த்தால் கீழே பல்கலைக்கழகக் கூரைகள் தெரியும். உயர்தரப் பரீட்சையில் உள்ளே போகுமளவுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. விடுவேனா? ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டு அதே வாசலால் போனேன். போத்தல் கழுவினேன், வயர் பற்றவைத்தேன், மாணவர்கள் விட்டுப்போன புத்தகங்களைப் படித்துப் பரீட்சை எழுதித் தொழினுட்ப உத்தியோகத்தர் ஆனேன். புள்ளி கிடைத்தவர்கள் நான்கு வருடத்தில் வெளியே போனார்கள். நான் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி மீகடத்திகளோடு போனது. நன்றாகக் குளிர வைத்தால் மின்சாரத்தைத் துளித் தடையும் இல்லாமல் கடத்தும் பொருள்கள் அவை. முதன்முதலில் செய்த கறுப்பு வில்லையைச் சோதிக்கத் திரவ நைதரசன் வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து குடுவையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. வான் வண்டிக்குள் இருந்து, குடுவையின் வாயால் வெள்ளைப் புகை போவதைப் பார்த்துக்கொண்டே மணித்தியாலங்கள் போயின. ஆய்வுகூடம் வந்து சேர்ந்தபோது இரண்டு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான் மிச்சம். அது போதுமாக இருந்தது. வில்லைக்கு மேலே குட்டிக் காந்தம் ஒரு விரற்கடை எழும்பி நின்றபோது நான் கைதட்டிவிட்டேன். பேராசிரியரும் தட்டினார்.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்தித்துறைக்காரர். நாங்கள் எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். ஏதாவது பிழைத்துவிட்டால் நின்றபடி பேசமாட்டார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, நம் உயரத்துக்கு இருந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். கத்துகிற ஆளிடம் தப்பலாம், இவரிடம் தப்ப முடியாது. எங்களுடைய குறிப்புப் புத்தகத்தை எங்களைக் கேட்காமல் அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. நான் எழுதியதை அவர் கேள்வி இல்லாமல் நம்புவார். எனக்கு அதில் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.

நாங்கள் செய்தது என்ன என்று என் மனைவிக்கு விளங்கப்படுத்த ஒருமுறை சேரிடமே கேட்டேன். அவர் சொன்னது இது.

"தியாகு, கண்டி பஸ் ஒண்டை நினையும். ஒவ்வொரு சீற்றிலையும் ஓராள், நடுவிலையும் ஆக்கள். ஒருத்தரும் அசையேலாது. எங்கடை செப்பு அடுக்கிலை இருக்கிற இலத்திரனுகளும் அப்பிடித்தான். கொஞ்சப் பேரை இறக்கிவிட்டால் மற்றவை அசைவினம். லந்தனம் இருக்கிற இடத்திலை கொஞ்சம் பேரியத்தை வைக்கிறது அதுக்குத்தான். அதைத்தான் மாசூட்டல் எண்டு சொல்லுறம்."

"அப்ப நெறைய இறக்கிவிட்டா இன்னும் நல்லா ஓடுமே சேர்?"

"அங்கைதான் விசயம். எட்டுக்கு ஒண்டு எண்ட கணக்கிலை இறக்கினால், மிச்சம் இருக்கிறவை தாங்களாவே வரிசை கட்டி நிண்டிடுவினம். ஓட்டம் நிண்டுபோகும். கொஞ்சம் கூட்டினாலும் ஓடும், குறைச்சாலும் ஓடும். அந்த எட்டிலை மட்டும் மறியல்."

அந்த வரிசைக்குப் பெயர் மின்னேற்ற ஒழுங்கு. எட்டுச் செப்பணுவுக்கு ஒரு பேரியம் என்ற அளவில் மீகடத்தும் வெப்பநிலை தடாலென்று விழும். உலகத்தில் யார் செய்தாலும் அங்கேதான் விழும். என் மனைவி கேட்டுவிட்டு, "எட்டு பேருக்கு ஒருத்தர் எறங்குற பஸ்ஸ நான் கண்டதே இல்ல, ஏறத்தான் பாத்திருக்கேன்" என்றாள்.

இனி லந்தனம். அது வெள்ளை மா மாதிரி ஒரு தூள், லந்தனம் ஒட்சைட். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குடிக்கும். கண்டி மாதிரி மழையும் மூடுபனியுமான இடத்தில் கேட்கவே வேண்டாம். குடித்த பிறகும் அதே வெள்ளைத் தூளாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நிறுப்பதற்கு முன் உலையில் போட்டு ஆயிரம் பாகை வரை சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும். நான் அதை வறுப்பது என்பேன். வறுத்ததை நீல மணிகள் போட்ட உலர்த்திச் சாடிக்குள் வைத்து ஆறவிட்டு, ஆறியதும் மளமளவென்று நிறுக்க வேண்டும். நிறுக்கும்போதே தராசின் கடைசி இலக்கம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். தட்டிலிருந்தபடியே குடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஏறும் இலக்கத்தோடு போட்டி போட்டு நிறுக்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் போனது. பிறகு பேரியம் காபனேற்று, செப்பு ஒட்சைட் இரண்டையும் சேர்த்துக் கல்வத்தில் ஒரு மணித்தியாலம் அரைத்து, சுட்டு, திரும்ப அரைத்து, வில்லையாக அழுத்தி, திரும்பச் சுட்டு என்று போகும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு சீட்டு. அதில் 'லந்தனம் வறுத்தது' என்று ஒரு கட்டம். வறுத்தவர் அதில் ஒரு சரி போட வேண்டும்.

நான் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது றிஸ்னா வந்தாள். அக்குறணைப் பிள்ளை. கலாநிதிப் பட்டத்துக்கு இந்தப் பொருளையே எடுத்திருந்தாள். பேரியத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பத்து மாதிரிகள் செய்து, எந்த அளவில் மீகடத்தல் விழுகிறது என்று இங்கே அளப்பது. விழுகிற இடத்து மாதிரியை வெளிநாட்டில் ஒரு எக்ஸ் கதிர் நிலையத்துக்கு அனுப்பி, மின்னேற்றம் வரிசை கட்டி நிற்பதை நேரடியாகப் பிடிப்பது. அந்த நிலையத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பது லேசான காரியம் இல்லை. அவளுக்குக் கிடைத்திருந்தது.

அது மின்வெட்டுக் காலம். எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து வேலை செய்தோம். எங்கள் இரண்டு உலைகளில் ஒன்று இறந்துவிட்டது, பாகம் வாங்க வழியில்லை. மிச்சமிருந்த ஒரே உலையில் றிஸ்னாவின் வில்லைகளைச் சுட வேண்டும். லந்தனம் வறுக்க உலையைக் கொடுத்தால் அவளுக்கு ஒரு நாள் போகும். சாடிக்குள் ஏற்கனவே வறுத்த லந்தனம் ஒரு போத்தல் இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அது போதும் என்று முடிவெடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பத்துச் சீட்டிலும் 'லந்தனம் வறுத்தது' கட்டத்தில் சரி போட்டேன். பழகிய கை, தானாகப் போட்டது என்று சொல்லலாம். ஆனால் முதல் சீட்டில் கை ஒரு கணம் தயங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நிறுக்கும்போது தராசின் இலக்கம் அசையாமல் நின்றது. 'வயசான தராசு, இன்றைக்கு நல்ல பிள்ளையாக நிற்கிறது' என்று சந்தோஷப்பட்டேன். முப்பது வருட அனுபவம் உள்ளவன் பட்ட சந்தோஷம் அது.

மாதிரிகளை அளந்தபோது விழவேண்டிய இடத்தில் விழவில்லை. எட்டுக்கு ஒன்றில் விழ வேண்டியது ஒன்பதுக்கு ஒன்றிலேயே விழுந்தது. அதோடு எல்லா மாதிரியிலும் செப்பு ஒட்சைட் கொஞ்சம் சேராமல் மிச்சம் நின்றது. றிஸ்னா திரும்ப அரைத்தாள், திரும்பச் சுட்டாள், அது போகவில்லை. வெப்பமானியை மாற்றினாள். வெள்ளிப் பசையால் ஒட்டிய வயர்களைக் கழற்றி மறுபடி ஒட்டினாள். பேரியத்தின் தூய்மையைச் சந்தேகித்தாள். ஒரு நாள் சீட்டுகளை மேசையில் பரப்பிவைத்து, என்னைப் பார்த்து, "லந்தனத்துல பிழை வர ஏலாது. தியாகு அண்ணன் வறுத்தீக்காரு. அப்ப என்ட கைலதான் பிழை ஈக்குது" என்றாள். நான் தலையாட்டினேன். சாடியிலிருந்தது ஈரம் குடித்திருந்தது எனக்கே அப்போது தெரியாது, உண்மையாகவே.

இப்படி நாலு மாதம். கடைசியில் சேருக்கே ஒரு யோசனை வந்தது, நம்முடைய பொருளில் ஏதோ புதிதாக நடக்கிறதோ என்று. வரிசை கட்டும் இடம் நகர்ந்திருந்தால் அது பெரிய விசயம். ஒன்பதுக்கு ஒன்று என்று பெயரெழுதிய மாதிரியை எக்ஸ் கதிர் நிலையத்துக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். திங்கட்கிழமை பொதி போக வேண்டும்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம், நல்ல மழை. வேறொரு மாணவனுக்காக அந்தச் சாடியைத் திறந்தேன். நீல மணிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. ஈரம் குடித்து நிறைந்தால்தான் அவை அப்படி மாறும். எத்தனை நாளாக அப்படிக் கிடந்தனவோ தெரியாது, நான் பார்க்கவே இல்லை. லந்தனத்தைக் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்தேன். இலக்கம் நின்றது. ஏறவில்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். ஏறவில்லை. தாகமுள்ளதுதான் குடிக்கும். இது வயிறு முட்டக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நான் லந்தனம் என்று நினைத்து நிறுத்ததில் ஒரு பங்கு தண்ணீர்.

அந்த இடத்தில் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து பறித்தவர். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். "தண்ணின்னு கழிக்கிறீங்களே, அதையும் சேத்துத்தானே முதுகுல தூக்கிட்டு வந்தோம்" என்று அம்மா தராசடியில் நின்று சண்டை பிடிப்பார். ஈரத்துக்கு நிறை உண்டு என்பதைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்ட வீட்டுப் பிள்ளை நான். நான்தான் கழிக்க மறந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. சீட்டில் சரி இருக்கிறது, மணிகளை உலர்த்தி மறுபடி நீலமாக்கிவிடலாம். எட்டு மாதத்தில் எனக்கு ஓய்வு, மாலை போட்டு, பரிசு தந்து அனுப்புவார்கள். ஆனால் பொதி போனால் அந்தப் பிள்ளை பொய்யான பெயர் எழுதிய மாதிரியை வைத்துப் பட்டம் வாங்கப்போகிறாள், அல்லது என்றைக்கோ வேறொருவர் கண்டுபிடித்து அவள் பெயரைக் கெடுப்பார்கள். பயம் எனக்கு, பழி அவளுக்கு. வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு சொல் இல்லை.

திங்கட்கிழமை காலை சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், பொதிய அனுப்பாதீங்க. லந்தனம் வறுக்காமத்தான் நிறுத்தேன். சீட்டுல சரின்னு போட்டது பொய்."

சேர் எழும்பி, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"எத்தினை மாதிரி?"

"பத்தும், சேர்."

துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "றிஸ்னாவைக் கூப்பிடுறன். நான் சொல்லமாட்டன். நீர்தான் சொல்லவேணும்" என்றார்.

சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள். முகம் சிவந்துபோனது.

"நாலு மாசம் அண்ணன். நாலு மாசம் நான் என்னையே ஏசிக்கிட்டு ஈந்தேன். வாப்பாக்கிட்ட இந்தப் படிப்பே வாணாம்னு செல்லிட்டேன். நீங்க வறுத்தீக்கீங்கன்னு எழுதின அந்த ஒண்ண மட்டும்தான் நான் சந்தேகப்படல்ல."

"மன்னிச்சுக்கங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் வெளியே போய்விட்டாள். சேர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அரை மணித்தியாலத்தில் றிஸ்னா திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் அந்த லந்தனப் போத்தல். "பத்துக் கிராம் எடுங்க. வறுப்பம். எவ்வளவு கொறையுதுன்னு பாப்பம்" என்றாள். அட்டவணை பார்த்து உலையைப் போட்டோம். அடுத்த நாள், சேரும் பக்கத்தில் நிற்க, எடுத்து நிறுத்தபோது பத்துக் கிராம் எட்டு தசம் எட்டாகியிருந்தது. இலக்கம் ஏறத் தொடங்கியது. றிஸ்னா தாளில் கணக்குப் போட்டாள். லந்தனம் அவ்வளவு குறைந்தால், ஒன்பதுக்கு ஒன்று என்று நினைத்துச் செய்த மாதிரியில் உண்மையில் எவ்வளவு பேரியம்? எட்டுக்கு ஒன்று. லந்தனம் குறைந்ததால் செம்பில் ஒரு பங்குக்குச் சேர ஆள் இல்லாமல் போயிருக்கிறது. எத்தனை தரம் சுட்டும் மிச்சம் நின்ற செப்பு ஒட்சைட் அதுதான்.

அவள் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. "அப்ப நான் அளந்தது எல்லாமே சரி, சேர். சரியான எடத்துலதான் விழுந்தீக்கி."

"ஓம், நீர் அளந்தது சரி. மாதிரியின்ரை பெயர்தான் பிழை," என்றார் சேர். "ஆனால் செம்பு மிஞ்சின வில்லையை அனுப்பேலாது. புதுசாச் செய்வம்."

நிலையத்துக்கு எழுதி மூன்று வாரம் தவணை கேட்டோம். தந்தார்கள். அந்த மூன்று வாரமும் றிஸ்னா என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. முதல் நாள் தராசடியில் நான் தள்ளி நின்று, "நீங்களே நிறுங்க, நான் எழுதுறேன்" என்றேன். "எனக்கு அந்த வேகம் வராது. நீங்க நிறுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். புதிய சீட்டு அவளே தயாரித்திருந்தாள். சரி போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, வறுக்க முன் எத்தனை கிராம், வறுத்த பின் எத்தனை கிராம் என்று இரண்டு வெறும் கோடுகள் போட்டிருந்தாள். அந்தக் கோடுகளை வறுக்காமல் நிரப்ப முடியாது. என்னைக் குத்திக்காட்டச் செய்ததாக முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் நல்ல சீட்டு.

பொதி போனது. இரண்டு மாதம் கழித்து நிலையத்திலிருந்து வரைபு வந்தது. எட்டுக்கு ஒன்று மாதிரியில், எதிர்பார்த்த இடத்தில், சின்னதாக ஒரு கூர் எழும்பி நின்றது. மின்னேற்றங்கள் வரிசை கட்டி நிற்பதன் அடையாளம். சேர் மூன்று தேத்தண்ணி வரவழைத்தார். றிஸ்னா எனக்குரியதில் சீனியைப் போட்டுக் கலக்கித் தந்தாள். அன்றைக்குத்தான் பழையபடி பேசினாள்.

என் கடைசி மாதத்தில் அவளுடைய ஆய்வின் முதல் வருட முன்னேற்றத்தை மதிப்பிடும் கூட்டம் நடந்தது. படம் காட்டும் கருவியைப் பொருத்திவிட்டு, நான் கதவோரம் கடைசிக் கதிரையில் இருந்தேன். நன்றாகத்தான் பேசினாள். பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த பரீட்சகர், நரைத்த மீசைக்காரர், ஆங்கிலத்தில் கேட்டார். கண்டியின் ஈரத்தில் லந்தனத்தை நிறுத்திருக்கிறீர்கள். தாளில் யாரும் எதையும் எழுதலாம். அது உண்மையாகவே உலர்ந்திருந்தது என்று நீங்கள் எப்படி நம்புகிறீர்கள்?

சேர் கண்ணாடியைக் கழற்றினார். றிஸ்னா சீட்டைக் காட்டவில்லை. வறுக்க முன் நிறை, வறுத்த பின் நிறை என்று தொடங்கவும் இல்லை. பரீட்சகரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"எங்கள் தொழினுட்ப உத்தியோகத்தர் நிறுத்தது, சேர். ஒரு தடவை அது உலராமல் இருந்தது. யாருக்கும் தெரியாது. அவரே வந்து சொன்னார்."

பரீட்சகர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.